தலைச்சன் பிள்ளைகள் இல்லாத பட்டியல்

பட்டியலை ஒட்டியபோது காலை ஒன்பதரை மணி இருக்கும். பசை காய்வதற்குள் பள்ளி வாசலில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒரு செல்போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, ஓரமாகப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் யாருக்கோ போன் போட்டார்கள். மே மாத வெயில் அப்போதே சுள்ளென்று அடிக்கத் தொடங்கியிருந்தது.

ஒரு சிறுமி மட்டும் படம் எடுக்கவில்லை. பட்டியலுக்கு நேராக நின்று, ஆள்காட்டி விரலை முதல் பெயரில் வைத்து, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். கடைசிப் பெயர் முடிந்ததும் விரலை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதல் பெயருக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் காலி மீன்கூடையை இடுப்பில் இடுக்கியபடி அவள் அம்மா நின்றிருந்தாள். "இருக்காடி?" என்று கேட்டாள். சிறுமி திரும்பாமலே, "இரும்மா, இன்னொரு தடவ பாக்குறேன்" என்றாள்.

மூன்று தடவை படித்தாள். நான் ஆசிரியர் அறை ஜன்னலில் காபி டம்ளரோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்துவிட்டுக் காபியைக் குடித்தேன்.

அந்தப் பட்டியலைத் தயாரித்தவள் நான்தான்.

ஒரு வாசகி கேட்ட கேள்வி

போன வாரம் இந்தத் தொடரில் என் கணக்குப் பாட வகுப்புகளைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "டீச்சர், முப்பது வருஷ வேலையில் ஒரு பிள்ளைக்குக்கூட நீங்கள் கெடுதல் செய்ததில்லையா?" என்று எழுதியிருந்தார். கிண்டலாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் கேள்வி நியாயமானது. அதனால் இந்த வாரம், எழுத வேண்டாம் என்று தள்ளித் தள்ளி வைத்திருந்ததை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது காரைக்கால் டவுனில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில். பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பில் தொடங்கும் பள்ளி. அதனால் வருஷா வருஷம் ஆறாம் வகுப்புச் சேர்க்கை எங்களுக்குத் திருவிழாவும் தலைவலியும் சேர்ந்து வருவது போல. இடம் கொஞ்சம், கேட்டு வருகிறவர்கள் அதிகம். கடற்கரைக் கிராமங்களிலிருந்து வருவார்கள், நெரவிப் பக்கத்து வயல்காடுகளிலிருந்து வருவார்கள், டவுனிலிருந்தும் வருவார்கள். யாரை எடுப்பது, யாரை விடுவது?

சிபாரிசுக் காகிதங்களின் காலம்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதற்கு ஒரு சின்னப் பரீட்சை இருந்தது. ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார்கள், நாலு கணக்கு போடச் சொல்வார்கள். பிறகு அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அப்பாவின் சட்டையைப் பார்த்தே மதிப்பெண் போட்ட ஒரு சிஸ்டரையும் எனக்குத் தெரியும். நல்ல மனுஷிதான், அது தவறு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் சட்டம் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கக் கூடாது, பெற்றோரை நேர்காணல் செய்யக் கூடாது என்று ஆயிற்று. நல்ல சட்டம். ஆனால் பரீட்சை போன இடத்தில் சிபாரிசு வந்து உட்கார்ந்துகொண்டது. மே மாதம் ஆனால் தலைமையாசிரியை மேஜையில் காகிதங்களாகக் குவியும். கட்சிக்காரர் கொடுத்தது, பங்குச் சாமியார் கொடுத்தது, ஏதோ ஓர் அலுவலக அதிகாரி தன் டிரைவருக்காகக் கொடுத்தது. ஒரு பிள்ளைக்கு மூன்று சிபாரிசு வந்திருந்தால் அந்தப் பிள்ளை உள்ளே. சிபாரிசுக்கு ஆளில்லாத பிள்ளை வெளியே.

தலைமையாசிரியையாக சிஸ்டர் பிலோமினா வந்த பிறகு அதை நிறுத்தினார். ஆள் குட்டை, குரல் மெல்லியது, பிடிவாதம் மட்டும் மலைபோல. "காகிதம் எதுவும் வேணாங்க டீச்சர். ஊருப் பிள்ளைங்களுக்கு முதல்ல எடம். அவ்வளவுதான்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

ஒரே கதவெண்ணில் பதினோரு பிள்ளைகள்

ஊர்ப் பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் ஊர் அப்படிப்பட்ட ஊர். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது; கடல் பக்கத்தை விட்டால் எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே பெட்ரோல் போட வருவார்கள், இந்தப் பக்கத்து ஆட்கள் அங்கே கல்யாணத்துக்குப் போவார்கள். பிள்ளைகளைச் சேர்க்கவும் அந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள். வருவதில் தப்பில்லை. ஆனால் பக்கத்துக் கடற்கரைக் கிராமமான கருக்களாச்சேரிப் பிள்ளைக்கு இடமில்லாமல் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் பிள்ளைக்கு இடம் கொடுப்பது எங்களுக்கு உறுத்தியது.

முதல் வருஷம் முகவரிச் சான்று கேட்டோம். எனக்கும் அலுவலகத்து அந்தோணி சாருக்கும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. ஒன்றை நான் கவனித்தேன். பதினோரு பிள்ளைகளுக்கு ஒரே கதவெண். நெரவிப் பக்கத்தில் ஒரு தெரு. நான் வாழ்க்கைப்பட்ட ஊர் நெரவிதான் என்பதால் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அந்தக் கதவெண்ணைத் தேடிப் போனேன். இரண்டு அறை ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை. வீட்டுக்காரர் கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறவர். வெள்ளை வேட்டியைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பாக வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"பதினோரு பொண்ணுங்க இந்த வீட்டுல இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் சற்றும் அசரவில்லை. "எல்லாம் என் தங்கச்சிங்க புள்ளைங்கதாங்க டீச்சர். பள்ளிக்கொடம் தொறந்ததும் வந்துடுங்க" என்றார்.

"எத்தன தங்கச்சிங்க உங்களுக்கு?"

"கூடப் பொறந்தது ஒண்ணு. மத்ததெல்லாம் மனசால தங்கச்சிங்க."

சிரித்துவிட்டேன். ஆனால் மறுநாள் பள்ளிக்குப் போகும்போது சிரிப்பு போய்விட்டது. முகவரியை மாற்றலாம், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கலாம், கரண்ட் பில்லைக் கடன் வாங்கலாம். எதை வைத்துத்தான் முடிவு செய்வது?

என் யோசனை

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கும் அந்த நிமிஷம் நன்றாக நினைவிருக்கிறது. மின்விசிறி சத்தம், மேஜையில் விண்ணப்பக் கட்டு, சிஸ்டர் கையில் பேனா. நான் சொன்னேன்: "சிஸ்டர், முகவரிய மாத்தலாம். பொறந்த ஊர மாத்த முடியுங்களா? பர்த் சர்டிபிகேட் எப்படியும் எல்லாரும் குடுக்குறாங்க. காரைக்கால்ல பதிஞ்சிருந்தா உள்ளூரு. மத்த எடத்துல பதிஞ்சிருந்தா வெளியூரு. உள்ளூர முதல்ல எடுப்போம். மிச்சம் இருந்தா வெளியூருக்குக் குலுக்கல் போடுவோம்."

சிஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தோணி சார், "டீச்சர் மூளையே மூளை" என்றார். நான் கணக்கு டீச்சர் அல்லவா, கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டேன். அடுத்த வருஷ விண்ணப்பத்தில் 'பிறந்த ஊர்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன், அட்டவணையிலும் அதே கட்டம். அதை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் உள்ளூர் மேலே வரும், வெளியூர் கீழே போகும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. முதல் பட்டியலிலேயே இடமெல்லாம் நிரம்பிவிட்டது. குலுக்கலுக்கே வேலையில்லாமல் போனது.

ஒரு சிபாரிசு இல்லை, ஒரு பொய் முகவரி இல்லை. இத்தனை வருஷத்தில் இதுதான் சுத்தமான பட்டியல் என்று நினைத்துக்கொண்டுதான் அன்று காலை ஜன்னலில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

மேலேருந்து வந்தது

பத்தரை மணிக்கு அந்தோணி சார் என்னைக் கூப்பிட்டார். அலுவலக ஜன்னலுக்கு வெளியே அந்த அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். அம்மா பெயர் மலர்க்கொடி, கருக்களாச்சேரி. மகள் பெயர் அபிராமி. அந்தோணி சார் விண்ணப்பத்தைப் பார்த்து, 'பர்த் சர்டிபிகேட் நாகப்பட்டினத்தில் பதிஞ்சிருக்கு, நீங்க வெளியூர்' என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு மலர்க்கொடியால் அங்கிருந்து நகர முடியவில்லை.

"நான் கருக்களாச்சேரிங்க டீச்சர்" என்றாள் என்னிடம். "பஞ்சாயத்துல வந்து விசாரிச்சுப் பாருங்க. எங்க மாமனாரு, அவரு அப்பா, எல்லாம் அதே ஊருதான். இவ பொறந்தது எங்கம்மா வீட்டுல, நாகப்பட்டினத்து அக்கரைப்பேட்டையில. தலப்பெரசவம்ல, அங்கதான கூட்டிகிட்டுப் போவாங்க. மூணாம் மாசம் தூக்கிகிட்டு வந்துட்டேன். அப்பலேருந்து இங்கதான் இருக்கோம்."

நான் விண்ணப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சின்னவ இருக்கா, யாழினி. அவ பொறந்தது காரைக்கா ஜீயெச்சு ஆஸ்பத்திரியில. ரெண்டு வருசம் கழிச்சு அவ வந்தா எடம் குடுப்பீங்களா?"

"குடுப்போம்மா."

"ஒரே வீட்டுல, ஒரே பாயில படுத்து எந்திரிக்கிறதுங்க டீச்சர் ரெண்டும். பெரியவளுக்கு ஊரு வேற, சின்னவளுக்கு ஊரு வேறங்களா?"

அவள் சொல்வது சரி என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் வாய் அதற்குள் தயாராகிவிட்டது. இத்தனை வருஷமாக அந்த ஜன்னலில் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய்.

அவள் இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தாள். "நான் மீன் விக்கிறது உங்க பின்தெருவுலதாங்க. காலையில எங்க ஷேர் ஆட்டோவுலயே இவளக் கூட்டிகிட்டு வந்து வுட்டுட்டு, மத்தியானம் யாவாரம் முடிஞ்சாலும் இருந்து சாயங்காலம் கூட்டிகிட்டுப் போயிடுவேன். வேற பள்ளிக்கொடம்னா அந்தக் கோடிக்குப் போவணும். அவ அப்பா கடலுக்குப் போயிடுறாரு. கொண்டுபோயி வுட ஆளு இல்ல. தயவு பண்ணுங்க டீச்சர்."

"என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"யாரு போட்ட சட்டங்க இது?"

நான் சொன்னேன்: "மேலேருந்து வந்ததும்மா."

மலர்க்கொடி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "மேலேருந்து வந்தா என்ன பண்றது" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். அபிராமி போகும்போது என்னைப் பார்த்து, "தேங்க்ஸ் டீச்சர்" என்றாள். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பேசினால் அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏழாம் மாசத்துப் பேருந்து

நான் பிறந்தது நன்னிலம் பக்கம். கல்யாணம் ஆகி நெரவிக்கு வந்தேன். என் மகள் வித்யா வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து என்னைப் பெற்ற வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஏறி, பேரளம் வழியாக. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் வளையல் குலுங்கும், முன் சீட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அம்மா மடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள், எனக்கு வாந்தி வந்தால் முகர்ந்து பார்க்க.

எல்லை எங்கே வந்தது, எப்போது தாண்டினோம் என்று யார் பார்த்தார்கள்? வித்யா திருவாரூர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். ஐந்தாம் மாசம் நெரவிக்குத் தூக்கி வந்தோம். இரண்டாவது பையன் காரைக்காலிலேயே பிறந்தான், ஏனென்றால் இரண்டாவதற்குப் பெற்ற வீட்டுக்குப் போகும் கட்டாயம் இல்லை.

பட்டியலைப் போட அந்த அறையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர் கன்னியாஸ்திரி, ஒருவர் ஆண். பிள்ளை பெற்றவள் நான் ஒருத்திதான். தலைப்பிரசவம் எங்கே நடக்கும் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் உடம்பாலேயே தெரிந்த விஷயம். அதுதான் எனக்கு ஞாபகம் வரவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வித்யா படித்தது இதே பள்ளியில்தான். ஆறாம் வகுப்பில் அவளைச் சேர்த்தபோது அவள் எங்கே பிறந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர் வீட்டுப் பிள்ளை.

யாரை எழுப்புவது?

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நிராகரித்த விண்ணப்பங்களை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். உடன்பிறந்தோர் விவரம் என்று ஒரு வரி விண்ணப்பத்தில் இருக்கும். பெரும்பாலும் தம்பி ஒருவன், தங்கை ஒருத்தி, அல்லது ஒன்றுமில்லை. அக்கா, அண்ணன் என்று எழுதியிருந்தவை மிகக் கொஞ்சம். கருக்களாச்சேரி, நெரவி, டவுன், எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாம் தலைச்சன் பிள்ளைகள். நான் வெளியூர்க்காரர்களைத் தள்ளவில்லை. எங்கள் ஊர் வீடுகளில் முதலாவதாகப் பிறந்தவர்களைத் தள்ளியிருந்தேன்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிலுவையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கல்வித்துறைக்குப் பட்டியல் போயிடுச்சு டீச்சர். உள்ள வந்த பிள்ளைங்களும் தப்புப் பண்ணல. அதுங்களும் ஊருப் பிள்ளைங்கதான். இப்ப யாரை எழுப்பி வெளிய அனுப்புறது? சொல்லுங்க."

உட்கார்ந்துவிட்ட பிள்ளையை எழுப்புவது அவ்வளவு எளிதில்லை.

ஜூனில் இரண்டு இடம் காலியானது. விடுபட்டவர்களுக்குள் குலுக்கல் என்று அறிவித்தோம். சீட்டுகளை நான்தான் எழுதினேன். சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். அபிராமியின் சீட்டை அடையாளம் வைத்து மடித்துவிடலாமா என்று ஒரு கணம் கை யோசித்தது. மடிக்கவில்லை. அது நேர்மையா, கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு சீட்டிலும் வேறு பெயர்கள் வந்தன. மலர்க்கொடி கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

எதற்காகக் குலுக்கல் என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. 'தவறு செய்துவிட்டோம்' என்று ஒரு வரி எழுதிப் பலகையில் ஒட்டியிருக்கலாம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தோம். சிஸ்டரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒட்டலாம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார். நான் சொல்லவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால் பெற்றோர் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் வீட்டுக் காகிதத்தில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷ விண்ணப்பத்தில் 'பிறந்த ஊர்' கட்டத்தை எடுத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு வரை எந்தப் பள்ளியில் படித்தாள் என்று மட்டும் கேட்டோம். ஐந்து வருஷம் ஒரு பிள்ளை தினமும் போய்வந்த பள்ளிக்கூடத்தை யாரும் கடன் வாங்க முடியாது. அதற்கு மேல் ஆள் இருந்தால் எல்லார் முன்னாலும் குலுக்கல். இவ்வளவு எளிய விஷயம் எனக்கு ஒரு வருஷம் தாமதமாகத் தோன்றியது.

இரண்டு வருஷம் கழித்து

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம். மறுபடியும் மே, மறுபடியும் விண்ணப்பக் கூட்டம். வராந்தா பெஞ்சில் ஒரு பெண் விண்ணப்பத்தை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளைப் போலவே ஒரு சின்னப் பெண். பெரியவள் எழுதிக்கொண்டே ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கியதைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது.

பக்கத்தில் போய் நின்றேன். அபிராமி எழுந்தாள். உயரமாகிவிட்டாள். "வணக்கம் டீச்சர். தங்கச்சிக்கு ஃபார்ம் போட வந்தோம். அம்மா யாவாரத்துல இருக்கு."

"உட்காரும்மா. நீ எங்க படிக்கிற?"

சொன்னாள். டவுனின் மறுகோடியில் இருக்கும் பள்ளி. நல்ல பள்ளிதான். எட்டாம் வகுப்பு போகப் போகிறாளாம். முதல் வருஷம் முழுக்க அம்மா தினமும் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மீன் விற்க உட்காருவாளாம். தாமதமாகப் போனதில் வழக்கமாக உட்காரும் இடத்தை வேறு யாரோ பிடித்துக்கொண்டார்களாம். எதையும் குறையாகச் சொல்லவில்லை, விசாரித்ததற்குப் பதிலாகச் சொன்னாள்.

பிறகு விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டீச்சர், போன தடவ இந்த எடத்துல பொறந்த ஊருன்னு ஒரு கட்டம் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"இப்ப இல்லயே. மேலேருந்து எடுத்துட்டாங்களா?"

அவள் கிண்டல் செய்யவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பி, இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்து, என்னிடமே திருப்பிக் கேட்டாள். பொய்யை நம்பியவர் முகத்தைப் பார்ப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

"மேல யாரும் இல்லம்மா" என்றேன். "நான்தான் போட்டேன். தப்புன்னு தெரிஞ்சதும் நான்தான் எடுத்தேன். அன்னைக்கு உங்கம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

அபிராமி பேனா மூடியை மூடித் திறந்து மூடினாள். யாழினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத அம்மாகிட்ட வந்து சொல்றீங்களா டீச்சர்?" என்று கேட்டாள் அபிராமி. "நான் சொன்னா நம்பாது. அம்மா ரெண்டு வருசமா அக்கரைப்பேட்டைக்கே போவல. நான் பொறக்குறப்ப, காரைக்கா ஜீயெச்சுலயே பெத்துக்குறேன்னு அம்மா சொல்லிச்சாம். அம்மாவப் பெத்த ஆயாதான், மொதப் புள்ளைய பெத்தவ வூட்டுலதான் பெக்கணும்னு புடிவாதமா கூட்டிகிட்டுப் போச்சாம். எடம் இல்லன்னதும் அம்மா அங்க போயி, ஒன்னாலதான் எம்புள்ளைக்கு எடம் போச்சுன்னு சண்ட போட்டுட்டு வந்துச்சு. அதோட பேச்சில்ல. பொங்கலுக்குக்கூட போவல."

அந்தக் கட்டம் என் கம்ப்யூட்டரில் ஒரு அங்குலம்கூட இருக்காது. அது அக்கரைப்பேட்டை வரைக்கும் போயிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்பினேன்.

பின்தெரு முனையில், வெயில் விழும் பக்கத்தில் மலர்க்கொடி உட்கார்ந்திருந்தாள். நிழல் பக்கமெல்லாம் மற்றவர்கள் இருந்தார்கள். அரிவாள்மனையில் சங்கரா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி, "என்னாங்க டீச்சர், சின்னவளுக்கும் எதுவும் காயிதம் கொறையுதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் குறையலம்மா."

நின்றபடியே சொன்னேன். பிறந்த ஊர் பார்ப்பது என்று முடிவு செய்தது நான் என்று சொன்னேன். மேலேயிருந்து எதுவும் வரவில்லை, யோசிக்காமல் செய்தேன், அதை மறைத்தேன் என்று சொன்னேன். "உன்மேலயும் தப்பு இல்ல, உங்கம்மா மேலயும் தப்பு இல்ல. என் மூத்த பொண்ணும் எங்கம்மா வீட்டுலதான் பொறந்தா. தப்பு என்னோடது. என்ன மன்னிச்சிடும்மா."

அறுத்த கை நின்றது. பக்கத்தில் ஒருவர், "காரல் எவ்வளவும்மா?" என்று கேட்டார். மலர்க்கொடி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா அன்னைக்கு அவ்வளவு சொல்லிச்சுங்க" என்றாள் கடைசியில். "ஊருல எல்லாரும் பண்றதத்தானடி பண்ணோம், இதுல என்னடி தப்புன்னு கேட்டுச்சு. நான் கேக்கல. வாசல்ல நின்னு அழுதுகிட்டிருந்துச்சு, திரும்பிப் பாக்காம பஸ் ஏறிட்டேன்."

என்னிடம் அவள் பேசியது அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குடத்துத் தண்ணீரில் கையை அலம்பினாள். புடவையில் துடைத்தாள். துடைத்த பிறகும் கையில் செதில் ஒட்டியிருந்தது.

"ஆயாவுக்குப் போன் போடு" என்றாள் மகளிடம்.

அபிராமி எண்ணைத் தேடாமலே போட்டாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அம்மாவின் காதில் போனை அவளே பிடித்துக்கொண்டாள். மணி அடிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. ரொம்ப நேரம் அடித்தது. பிறகு அந்தப் பக்கத்தில் யாரோ எடுத்தார்கள்.

"அம்மா" என்றாள் மலர்க்கொடி. "நாந்தாம்மா."